அடுத்தவர் வயலில் உழைத்த புனிதர்



சனவரி 16 முதல் பிப்ரவரி 4 வரை உள்ள இருபது நாட்களில் மூன்று நாட்கள் நம்மை ஒரே கருத்தைச் சிந்திக்க அழைக்கின்றன. சனவரி 16, இலங்கையின் திருத்தூதர் என்று போற்றப்படும் புனித யோசேப் வாஸ் அடிகளாரின் விழா. பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. 1997ஆம் ஆண்டு முதல் அது துறவிகளுக்கான அர்ப்பண வாழ்வு நாளாகவும் கொண்டாடப்படுகிறது. பிப்ரவரி 4, ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரின் விழா.

அருளானந்தரை நாம் நன்கு அறிவோம். யோசேப் வாஸ் அடிகளாரை நம்மில் பலர் பெயரளவில் மட்டுமே அறிந்திருக்கிறோம். ஆனால் துறவற சபைகள் ஏன் இத்தனை வகையாக இருக்கின்றன, இத்தனை வகையாக இருந்தும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்ற கேள்விக்கு அவருடைய வாழ்வைப் போலத் தெளிவான பதில் வேறு எங்கும் கிடைப்பது அரிது.

இலுப்பூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி புதியது அல்ல. நம் பிள்ளைகளைப் படிக்க வைக்கத் திருச்சிக்குப் போகிறோம். அங்கே இயேசு சபையினரின் தூய வளனார் கல்லூரி இருக்கிறது. திருச்சிலுவை சபை அருட்சகோதரிகளின் கல்லூரி இருக்கிறது. திருச்சியிலேயே 1858ஆம் ஆண்டு தோன்றிய புனித அன்னாள் சபை இருக்கிறது. தியானத்துக்கு ஒரு சபை, மருத்துவத்துக்கு ஒரு சபை, கல்விக்கு ஒரு சபை என்று நாமே பிரித்துப் பேசுகிறோம். எங்கள் சாமியார் இந்தச் சபை, உங்கள் சாமியார் அந்தச் சபை என்று ஒப்பிட்டும் பேசுகிறோம். மறைமாவட்டக் குருக்கள் நல்லவர்களா, சபைக் குருக்கள் நல்லவர்களா என்று வாதிடுபவர்களும் நம்மிடையே உண்டு. இந்தப் பேச்சுக்களின் நடுவே யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்வை நாம் திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

பல சபைகள் சேர்ந்து வளர்த்த பிள்ளை

யோசேப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் சால்செட் பகுதியில் உள்ள பெனோலிம் என்ற ஊரில் பிறந்தார். அந்தப் பகுதியின் பங்குகள் அப்போது இயேசு சபையினரின் பொறுப்பில் இருந்தன. அவர்களுடைய பங்கு ஆலயத்தில்தான் அவர் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் கோவா நகரில் இயேசு சபையினர் நடத்திய தூய பவுல் கல்லூரியில் இலக்கியம் பயின்றார். தத்துவமும் இறையியலும் கற்க தொமினிக்கன் சபையினரின் தூய தோமா அக்குவினாஸ் கல்விக்கூடத்துக்குச் சென்றார். 1676ஆம் ஆண்டு அவரைக் குருவாகத் திருநிலைப்படுத்திய கோவா பேராயர் அந்தோனியோ பிரந்தாவோ சிஸ்டர்சியன் சபைத் துறவி.

இயேசு சபையினர் தொடங்கிவைத்தார்கள், தொமினிக்கன் சபையினர் அறிவூட்டினார்கள், சிஸ்டர்சியன் சபைத் துறவி அவர்மேல் கை வைத்துக் குருத்துவம் அளித்தார். பல சபைகளின் உழைப்பில் விளைந்த கனி அவர்.

ஆனால் இதே சபைகளில் அவர் உறுப்பினராகச் சேர்ந்திருக்க முடியுமா? அன்றைய நிலையில் அது ஏறத்தாழ இயலாத காரியம். கோவாவில் இருந்த ஐரோப்பியத் துறவற சபைகள் பெரும்பாலும் இந்திய மண்ணில் பிறந்தவர்களைத் தங்கள் உறுப்பினர்களாக ஏற்கவில்லை. இந்தியர்கள் குருக்கள் ஆகலாம். ஆனால் பல இடங்களில் சபைக் குருக்களுக்கு உதவியாளர்களாக இருப்பதே அவர்களுக்குக் கிடைத்த இடம். கல்வி கொடுத்தவர்கள் கதவைத் திறக்கவில்லை. ஒருவருடைய பிறப்பைப் பார்த்து அவருடைய அழைத்தலை அளந்த குற்றம் அது. இந்த உண்மையை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. புனிதர்கள் வாழ்ந்த காலமும் குறைகள் நிறைந்த காலமாகவே இருந்தது.

யோசேப் வாஸ் இதற்காகக் கசப்படைந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் நாம் எங்கும் காண்பதில்லை. 1677ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் தம்மை அன்னை மரியாவின் அடிமையாக எழுதிக் கொடுத்து ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டார். எந்தச் சபையும் தராத இடத்தை அவர் அன்னையின் காலடியில் தேடிக்கொண்டார் என்று சொல்லலாம்.

இரண்டு அதிகாரங்களுக்கு நடுவே

இலங்கையில் குருக்களே இல்லாமல் கத்தோலிக்கர்கள் தவிக்கிறார்கள் என்ற செய்தி கோவாவுக்கு எட்டியபோது, அங்கே செல்ல யோசேப் வாஸ் விரும்பினார். ஆனால் 1681இல் அவர் அனுப்பப்பட்ட இடம் கன்னடக் கரையோரம். அங்கே வேறொரு சோதனை காத்திருந்தது.

அன்று கீழைநாடுகளில் மறைப்பணியை நடத்தும் உரிமையைப் போர்த்துக்கல் அரசர் தம்முடையது என்றார். அதற்குப் பதுரவாதோ என்று பெயர். மறுபுறம் உரோமையில் இருந்த விசுவாசப் பரப்புப் பேராயம் நேரடியாகத் தன் பிரதிநிதிகளை அனுப்பியது. கோவா பேராலயம் யோசேப் வாசைப் பொறுப்பாளராக அனுப்பியிருந்தது. உரோமை அனுப்பிய ஆயர் தோமாஸ் தெ காஸ்திரோ, தியட்டைன் சபையைச் சேர்ந்த கோவாக்காரர். யாருக்குக் கீழ்ப்படிவது என்று தெரியாமல் மக்கள் குழம்பினார்கள். ஒருவர் கொடுக்கும் திருவருட்சாதனம் செல்லாது என்று மற்றவர் தரப்பு சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது.

யோசேப் வாஸ் இந்தச் சண்டையில் வெற்றி தேடவில்லை. தம்மை அனுப்பியவர்களுக்கு உண்மையாக இருந்துகொண்டே மறுதரப்பு ஆயரை மரியாதையோடு அணுகினார். சமாதானத்துக்கு வழி தேடினார். வெறுங்காலோடு ஊர் ஊராக நடந்து, சிதறிக் கிடந்த குடும்பங்களைச் சந்தித்தார், ஒப்புரவு வழங்கினார், திருப்பலி நிறைவேற்றினார். மேலே இருப்பவர்கள் உரிமை பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த நாட்களில், கீழே இருக்கும் மக்கள் நற்கருணை இல்லாமல் சாகக்கூடாது என்பதே அவருடைய கவலை. 1684இல் அவர் கோவா திரும்பினார்.

வாக்குறுதி இல்லாத சபை

கோவா நகரில் பழைய அற்புதச் சிலுவை ஆலயத்தில் சில இந்தியக் குருக்கள் ஒன்றாக வாழத் தொடங்கியிருந்தார்கள். பிற சபைகளில் இடம் கிடைக்காத அவர்கள், குழுவாகச் செபித்துப் பணிபுரிய விரும்பினார்கள். ஆனால் அந்தக் குழுவுக்கு ஒழுங்கோ அங்கீகாரமோ இல்லை. 1685இல் யோசேப் வாஸ் அவர்களோடு சேர்ந்தார். விரைவில் அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர்களுக்கு எந்த வடிவம் பொருந்தும்? உரோமை நகரில் புனித பிலிப்பு நேரி தொடங்கிய ஒரட்டோரியன் சபையின் ஒழுங்கை அவர் தேர்ந்துகொண்டார். ஒரட்டோரி என்றால் செபக்கூடம் என்று பொருள். 1575ஆம் ஆண்டு திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற இந்தச் சபையில் மற்றத் துறவற சபைகளைப் போல ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குறுதிகள் கிடையாது. குருக்கள் அன்பினால் மட்டுமே கட்டுண்டு ஒரே இல்லத்தில் வாழ்வார்கள். ஒவ்வோர் இல்லமும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்கலாம். இயேசு சபைக்காரர் உலகின் எந்த மூலைக்கு அனுப்பினாலும் புறப்படத் தயாராக இருப்பவர். பிரான்சிஸ்கன் சபைக்காரர் ஏழ்மையைத் தம் மணப்பெண்ணாகக் கொண்டவர். தொமினிக்கன் சபைக்காரர் உண்மையைக் கற்று அதைப் போதிப்பவர். கார்மேல் சபைக்காரர் மௌனத்தில் இறைவனைத் தேடுபவர். நற்செய்தி மிகப் பெரியது. அதன் முழு ஒளியையும் ஒரே சபை தாங்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சபையும் கிறிஸ்துவின் ஒரு முகத்தைக் காட்டுகிறது. மலைமேல் செபித்த கிறிஸ்து, நோயாளியைத் தொட்ட கிறிஸ்து, கூட்டத்துக்குப் போதித்த கிறிஸ்து, தலைசாய்க்க இடமில்லாத கிறிஸ்து எல்லாரும் ஒரே கிறிஸ்துதான்.

ஏற்கெனவே இத்தனை சபைகள் இருக்க இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கோவா ஒரட்டோரியன் சபை ஒரு பதில். இருக்கும் வீடுகளில் இடமில்லாதவர்களுக்கு ஆவியானவர் புதிய வீடு கட்டிக் கொடுத்தார். இந்த மண்ணின் மக்களைக் கொண்டே அமைந்த அச்சபைக்கு 1706இல் உரோமையின் உறுதிப்பாடு கிடைத்தது.

எல்லைக்கோடு போட்ட தீவு

1687இல் யோசேப் வாஸ் தம் நெடுநாள் ஆசையை நிறைவேற்றப் புறப்பட்டார். யோவான் என்ற பணியாளர் மட்டும் துணையாக வந்தார். குரு உடையைக் களைந்து, கூலியாள் போல் வேடமிட்டு, நம் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறினார்.

அவர் செல்லவிருந்த இலங்கையின் நிலையை அறிந்தால்தான் அவருடைய பணியின் சிறப்பு விளங்கும். அங்கே முதலில் 1543 முதல் பிரான்சிஸ்கன் சபையினர் உழைத்தார்கள். 1602இல் இயேசு சபையினர் வந்தார்கள். இரு சபைகளுக்கும் இடையே உரசல் எழ, மகா ஓயா ஆற்றை எல்லையாக வைத்து அதற்கு வடக்கே இயேசு சபை, தெற்கே பிரான்சிஸ்கன் சபை என்று பிரித்துக் கொடுத்தார்கள். 1606இல் தொமினிக்கன் சபையினரும் அகுஸ்தீன் சபையினரும் வந்து தங்களுக்கு உரிய பகுதிகளைப் பெற்றார்கள். நான்கு சபைகளும் உண்மையாகவே உழைத்தன, உயிரும் கொடுத்தன. ஆனாலும் எல்லைக் கணக்கு அவர்களை விட்டு அகலவில்லை.

பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கையில் வீழ்ந்தன. கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது பெருங்குற்றம் ஆயிற்று. ஆற்றைக் கோடாக வைத்துப் பங்கிட்ட நிலத்தில் நான்கு சபைகளில் ஒன்றுக்கும் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மூப்பர்களும் அண்ணாவிமார்களும்தான் செபங்களைச் சொல்லிக் கொடுத்து, குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்து விசுவாசத்தைக் காத்தார்கள். சபைகள் போனபின்பும் திருச்சபை போகவில்லை. பொதுநிலையினரின் பெருமை இது.

கழுத்தில் செபமாலை

யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த யோசேப் வாஸ் கடும் வயிற்றுப்போக்கால் சாகும் நிலைக்கு வந்தார். தெரியாத ஊரில், தெரு ஓரத்தில் கிடந்த அவருக்கு ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியதாக அவருடைய வரலாறு சொல்கிறது. உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். இப்படித்தான் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர்களைக் கண்டுபிடித்தார். பிச்சைக்காரராக வந்தவர் குரு என்று தெரிந்ததும் அந்தக் குடும்பங்கள் அடைந்த மகிழ்ச்சியை நாம் கற்பனை செய்து பார்க்கலாம்.

சில்லாலை என்ற ஊர் அவருக்கு அடைக்கலம் தந்தது. இரவில் திருப்பலி, பகலில் மறைவு என்று நாட்கள் கடந்தன. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவில், கூடியிருந்த யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்களை டச்சுப் படைவீரர்கள் சுற்றி வளைத்துக் கைது செய்தார்கள். அடிபட்டு இறந்தவரும் உண்டு. அடிகளார் அவர்கள் கையில் சிக்கவில்லை. பின்னர் புத்தளம் வழியாக 1692இல் கண்டி அரசை அடைந்தார்.

அங்கே அவரைப் போர்த்துக்கீசிய உளவாளி என்று ஒருவர் பழி சொல்ல, மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையில் அடைத்தார். சிறையிலும் ஒரு சிறு குடிசையும் பீடமும் அமைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். சிங்களம் கற்றார். நம் பக்கத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் அருளானந்தர் வெட்டுண்டு இறந்தது இதே காலத்தில்தான். ஒருவர் போர்த்துக்கல் பிரபுக் குடும்பத்தில் பிறந்து காவி உடுத்தித் தமிழராக வாழ்ந்த இயேசு சபைத் துறவி. இன்னொருவர் இந்தியராகப் பிறந்து கூலி உடையில் இலங்கை சென்ற ஒரட்டோரியன். ஒரு கடல்துறைக்கு அப்பாலும் இப்பாலும் இரண்டு சபைகள், இரண்டு வழிகள், ஒரே ஆண்டவர்.

நாட்டில் மழையின்றிப் பஞ்சம் வந்தபோது அடிகளார் திறந்த வெளியில் பீடம் அமைத்துச் செபித்தார் என்றும், பெருமழை பெய்தது என்றும் அவருடைய வரலாறு கூறுகிறது. பௌத்தரான மன்னர் அதன்பின் அவருக்குப் பணிபுரியும் உரிமை கொடுத்தார். கிறிஸ்தவ டச்சுக்காரர் மறுத்த உரிமையைப் பௌத்த மன்னர் வழங்கினார் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

எந்தச் சபையின் மக்கள் என்று கேட்கவில்லை

ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அந்தத் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. 1690களின் பிற்பகுதியில்தான் கோவாவிலிருந்து அவருடைய சபைத் தோழர்கள் வரத் தொடங்கினார்கள். இலங்கை அப்போது கொச்சி மறைமாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. கொச்சி ஆயராக இருந்த பெத்ரோ பசேக்கோ தொமினிக்கன் சபையைச் சேர்ந்தவர். இலங்கைக்கு ஆயரின் பதில்குருவாக யோசேப் வாஸ் நியமிக்கப்பட்டார். இளமையில் தொமினிக்கன் சபையினரிடம் பாடம் கற்றவர், முதிர்ந்த வயதில் தொமினிக்கன் ஆயரின் நம்பிக்கைக்கு உரியவரானார்.

அவர் நடந்த பாதைகளை எண்ணிப் பாருங்கள். மகா ஓயாவுக்கு வடக்கேயும் நடந்தார், தெற்கேயும் நடந்தார். பிரான்சிஸ்கன் சபையினர் திருமுழுக்குக் கொடுத்த குடும்பங்களையும் இயேசு சபையினர் வளர்த்த குடும்பங்களையும் ஒரே அன்போடு தேடினார். இடிந்த கோவில் எந்தச் சபை கட்டியது என்று பார்த்து அவர் செபிக்கவில்லை. பழைய பக்தி முயற்சிகளை அகற்றிவிட்டுத் தம் சபையின் முத்திரையைப் பதிக்க அவர் முயலவும் இல்லை. மக்கள் கையில் எஞ்சியிருந்த செபமாலையையே பிடித்துக்கொண்டு மேலே கட்டினார். நட்டவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் மற்றொருவர், விளைச்சல் தருபவர் கடவுள் என்று புனித பவுல் கொரிந்தியருக்குக் கற்பித்ததை அவர் தம் கால்களால் எழுதிக் காட்டினார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரும் செல்வர்களும் நகரை விட்டு வெளியேறினார்கள். நோயாளிகள் காட்டில் விடப்பட்டார்கள். அடிகளார் தம் சபைத் தோழர் யோசேப் கர்வாலோ அடிகளாருடன் அங்கேயே நின்றார். கைவிடப்பட்டவர்களுக்கு உணவு கொடுத்தார், புண்களைக் கழுவினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். அங்கே கத்தோலிக்கர், பௌத்தர் என்ற வேறுபாடும் இல்லை.

ஆவூர் வரை எட்டிய ஒரு பூசல்

இதே ஆண்டுகளில் நம் தமிழ் மண்ணில் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் கப்புச்சின் சபையினருக்கும் இயேசு சபையினருக்கும் இடையே மனத்தாங்கல் வளர்ந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களைப் பராமரிக்கும் பொறுப்பும், அவர்களுடைய பழக்கவழக்கங்களில் எவற்றை அனுமதிக்கலாம் என்பதும் சிக்கலாயின. திருத்தந்தையின் தூதராக வந்த மயார் தெ தூர்னோன், திருமுழுக்குச் சடங்கில் உமிழ்நீரைப் பயன்படுத்துவது, தாலியின் வடிவம், தாழ்த்தப்பட்ட நோயாளிகளின் இல்லங்களுக்குக் குருக்கள் செல்வது முதலியவை குறித்து 1704இல் ஆணை பிறப்பித்தார்.

இலுப்பூருக்கு வடக்கே நமக்கு மிகவும் பழக்கமான ஆவூர்த் திருத்தலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணித்தளத்தை உருவாக்கிய பிரெஞ்சு இயேசு சபைக் குரு பூஷே அடிகளார்தான், லைனஸ் அடிகளாருடன் சேர்ந்து, இந்த ஆணைக்கு எதிராக வாதாட உரோமைக்கு அனுப்பப்பட்டார். அவ்வளவு தூரம் போயும் வழக்கு தீரவில்லை. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இறுதி முடிவு சொல்லும்வரை இழுத்துக்கொண்டே போயிற்று. இரு தரப்பிலும் தூயவர்கள் இருந்தார்கள், அறிஞர்கள் இருந்தார்கள். ஆனாலும் நாற்பது ஆண்டுகள் மக்கள் நடுவே குழப்பம் நின்றது. சபைகளின் பன்மை வரமாகவும் இருக்கலாம், சுமையாகவும் மாறலாம் என்பதற்கு நம் வாசலிலேயே சாட்சி இருக்கிறது.

இதே தூர்னோன், யோசேப் வாஸ் அடிகளாரின் பணியைப் பற்றிக் கேள்விப்பட்டு, இலங்கைக்கு அவரை ஆயர் நிலைக்கு உயர்த்த விரும்பினார். 1705 அளவில் வந்த அந்த அழைப்பை அடிகளார் மறுத்துவிட்டார். சபைகள் உரிமைக்காக உரோமை வரை போன காலத்தில், தம்மைத் தேடி வந்த உரிமையை ஒருவர் வேண்டாம் என்றார்.

விதை மறைந்தாலும் விளைச்சல்

1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரை யோசேப் வாஸ் எழுத்துப் பணிக்கு ஊக்கப்படுத்தினார். அவர் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். தவக்காலத்தில் ஈழத்துத் தமிழர்கள் பாடும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்த கொடை. தம்மால் முடியாததைத் தம் தோழர் செய்யட்டும் என்று இடம் கொடுப்பதும் ஒற்றுமையின் ஒரு வடிவம்தான்.

1711 சனவரி 16ஆம் நாள் யோசேப் வாஸ் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். வாழ்நாளெல்லாம் தள்ளிப்போட்டதைச் சாகும் நேரத்தில் செய்துவிடுவது எளிதல்ல என்பதைத் தம் தோழர்களுக்கு நினைவூட்டிவிட்டே கண்மூடினார். அதே 1711இல்தான் இயேசு சபையின் வீரமாமுனிவர் மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து சேர்ந்தார். கடலுக்கு அப்பால் ஒரு விளக்கு அணைந்த ஆண்டில் இப்பால் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது.

சபைகளின் பிற்கால வரலாறும் நமக்குப் பாடம். 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளெமென்ட் இயேசு சபையையே கலைத்தார். மதுரை மறைப்பணித்தளம் அனாதை ஆகிவிடாமல் பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்கள் தோள் கொடுத்தார்கள். 1814இல் உயிர்பெற்ற இயேசு சபையினர் 1838இல் மீண்டும் மதுரைக்கு வந்தார்கள். கோவா ஒரட்டோரியன் சபைக்கோ அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. போர்த்துக்கல் அரசு துறவற சபைகளை ஒழித்தபோது 1835இல் அதன் இல்லம் மூடப்பட்டது. அவர்கள் காத்த இலங்கை வயலில் 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் இறங்கினார்கள். அச்சபையைச் சேர்ந்த தமிழ்க் குரு தோமஸ் அடிகளார் 1928இல் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் செபமாலைதாசர் சபையைத் தொடங்கினார். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போன ஒருவரின் மண்ணில், செபமாலையின் பெயராலேயே ஒரு தமிழ்த் துறவற சபை பிறந்தது. சபைகள் வரும், போகும். வயல் ஆண்டவருடையது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 சனவரி 21இல் கொழும்பில் யோசேப் வாசை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அது அர்ப்பண வாழ்வு ஆண்டாகக் கொண்டாடப்பட்ட காலம். அறிவித்த திருத்தந்தை ஓர் இயேசு சபைத் துறவி. அவர் தேர்ந்துகொண்ட பெயரோ அசிசி நகர் ஏழையின் பெயர். பிரான்சிசின் பெயர் தாங்கிய இயேசு சபைத் துறவி ஒருவர், ஓர் இந்திய ஒரட்டோரியனைப் பீடத்தில் ஏற்றினார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தனித்தனியாக நின்றவர்கள் ஒரே பலிபீடத்தில் சந்தித்தார்கள்.

நமக்கு என்ன பாடம்?

அன்புக்குரியவர்களே, ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒரே உடை உடுத்துவது அல்ல. எல்லாச் சபைகளையும் ஒன்றாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பது தவறு. நம் திருவிழாக்களில் தேர் இழுக்கும்போது வலப்பக்க வடத்தைச் சிலர் பிடிக்கிறார்கள், இடப்பக்க வடத்தைச் சிலர் பிடிக்கிறார்கள். ஒரே பக்கம் எல்லாரும் கூடினால் தேர் நகராது, சாய்ந்துவிடும். அதே சமயம் வடம் பிடித்தவர்கள் எந்தப் பக்கம் பெரியது என்று வாதிடத் தொடங்கினாலும் தேர் நிலைக்கு வந்து சேராது.

நம்முடைய நடைமுறைக்கு வருவோம். அழைத்தல் உள்ள இளைஞரோ இளம்பெண்ணோ நம் வீட்டில் இருந்தால், எந்தச் சபைக்குப் பெயர் அதிகம் என்று பார்க்காமல், இறைவன் எந்த வழியில் அழைக்கிறார் என்று சேர்ந்து செபிப்போம். பங்குத்தந்தை மாறும்போது முன்பிருந்தவரையும் வந்தவரையும், அவருடைய சபையையும் இவருடைய சபையையும் தராசில் வைப்பதை விடுவோம். நம் பகுதியில் பணிபுரியும் அருட்சகோதரிகளை, அவர்கள் எந்தச் சபையாயினும், அவர்களுடைய நிறுவனரின் விழாவன்று வாழ்த்துவோம். சபைப் பொறுப்பில் உள்ளவர்களும் ஒன்றைச் சிந்திக்கலாம். நம் இல்லத்தின் கதவு பிறப்பையோ சாதியையோ பார்த்து மூடுகிறதா? மூடினால், அன்று யோசேப் வாசுக்கு மூடிய அதே கதவுதான் அது. அவரைப் புனிதர் என்று பாடிக்கொண்டே அந்தக் கதவைத் தாழிட நமக்கு உரிமை இல்லை.

தமக்கு இடம் தராத சபைகள் விட்டுச்சென்ற வயலில், அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்லாமல், தம் உயிர் உள்ளவரை உழைத்தவர் நம் புனிதர். நம் பங்குகளிலும் இல்லங்களிலும் அந்த மனம் வேர்விட, வருகிற சனவரி 16 அன்று ஒரு செபமாலை சொல்வோம். அதை நம் சபைக்காக மட்டும் அல்ல, பக்கத்துச் சபைக்காகவும் ஒப்புக்கொடுப்போம்.

புனித யோசேப் வாசே, எங்களுக்காக மன்றாடும்.